பொதுச் சட்டியும் என் தொண்டையும்

எனக்குச் சுகமாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் யாரும் ஏமாந்துபோனோம் என்று முணுமுணுக்கக் கூடாது.

போன வருஷம் இதே சபையில் என்னை எழுப்பி நிறுத்தி, "ரெபேக்காள் உபாத்தியாயினியைக் கர்த்தர் தீராத வியாதியிலிருந்து குணமாக்கினார்" என்று சொன்னார்கள். நீங்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். யாரோ எங்கேயோ எழுதி வைத்த பொய் அது, ஊர் ஊராக எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. இன்றைக்கும் ஒரு சிட்டிகை கூனி என் நாக்கில் பட்டால் உங்கள் கண் முன்னாலேயே சுருண்டு விழுவேன். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்பது மட்டும் நிஜம். எப்படிக் கேட்டார் என்பதைச் சொல்லத்தான் நிற்கிறேன். கேட்க அவ்வளவு இனிமையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது இந்த மலாயாவில், சுங்காய்க்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். எனக்கு ஆறு வயசிருக்கும்போது பக்கத்து வீட்டில் கூனியை வறுத்து அரைத்த துவையலை ஒரு உருண்டை சோற்றோடு கொடுத்தார்கள். கூனி என்றால் உங்களுக்குத் தெரியும், நகக்கண் அளவுக்குக் காய்ந்த இறால். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, உடம்பெல்லாம் காணாக்கடி மாதிரித் தடித்துவிட்டது. உதடு வீங்கிவிட்டது. மூச்சு விசில் அடித்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசரிடம் ஓடினாள். பிழைத்தேன். "இறால், நண்டு, கூனி எதுவும் இந்தப் பொண்ணு ஒடம்பு ஏத்துக்காது. சாகுற வரைக்கும் வாயில வைக்கக் கூடாது" என்று டிரெசர் சொன்னார். அன்றையிலிருந்து எங்கள் வீட்டுக்குள் கூனி வந்ததில்லை. அப்பாவுக்கு அது உயிர். எனக்காக விட்டுவிட்டார்.

பன்னிரண்டு வயசிலிருந்து நானும் அப்பாவோடு பால் வெட்டப் போனேன். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கொஞ்சம் நன்றாக வாசிப்பேன், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஈப்போவில் பெண் பிள்ளைகளை உபாத்தியாயினிகளாகப் பழக்குகிற பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. இருபத்தாறாம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்கு மூன்று வருஷம் முந்தி, ஜனவரி மாதம். படிப்பு இரண்டு வருஷம், போர்டிங்கில் தங்கவேண்டும். அப்பா ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "திரும்பி வர்றதுன்னா டீச்சராத்தான் வரணும், தெரியுமா? இந்தப் பால் வெட்டுற கத்தி உனக்கு வேணாம்" என்றார். எனக்கும் அது வேண்டாம்தான். விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் மரத்துக்கு மரம் ஓடுகிற பிழைப்புக்கு நான் சாகும்வரை திரும்பக் கூடாது என்று ரயிலில் உட்கார்ந்து கர்த்தரிடம் சொன்னேன்.

அந்தப் பள்ளியின் பேரைச் சொல்ல மாட்டேன். இப்போதும் நடக்கிறது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. போர்டிங்கில் இருபது பேர், எல்லாருக்கும் ஒரே சட்டி. சமைக்கிறவர் செல்லம்மாக்கா. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து கப்பலேறி வந்தவர். எல்லாரும் அவர் கையால் பரிமாறிய சோற்றை, ஒரே சட்டிக் குழம்பை, ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். சாதி போயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம். ஆறு மாதம் முடிந்ததும் ஐக்கியப் பந்தி என்று ஒன்று வைப்பார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் பெரியவர்கள் முன்னால் அந்தப் பொதுச் சட்டியிலிருந்து வாங்கிச் சாப்பிட்டுக் காட்டவேண்டும். சாப்பிட்டால் படிப்புத் தொடரும். சாப்பிடாதவள் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். நல்ல வழக்கம். நான் குறை சொல்லவில்லை. நம்முடைய சனத்துக்கு அப்படி ஒன்று வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டியில் தினமும் கூனி இருந்தது. கீரை என்றால் கூனி. தொட்டுக்கொள்ளும் மிளகாய்ச் சம்பல் என்றால் கூனியை இடித்துக் காயவைத்த பெலாச்சான். புளிக்குழம்பிலும் வாசத்துக்கு ஒரு துண்டு பெலாச்சான். விலை மலிவு, காய்கறிக்கு ருசி ஏற்றும், யார்தான் போடமாட்டார்கள்?

முதல் நாள் வாசத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வெறும் சோற்றில் உப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் செல்லம்மாக்கா கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றார். நான் தட்டைக் கையால் மூடினேன். அவர் அடுத்த பிள்ளைக்கு ஊற்றப் போய்விட்டார். அவர் முகம் போன விதத்தை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

நேராக மேட்ரனம்மாவிடம் போய்ச் சொன்னேன். ஞானாபரணம் அம்மாள் என்று பேர். போர்டிங் முழுவதும் அவர்கள் கைக்குள். நான் முழுக்கதையும் சொன்னேன், டிரெசர் சொன்னதையும் சொன்னேன். அவர்கள் கணக்கு நோட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஒருத்திக்கு வயித்து வலி. ஒருத்திக்கு அம்மாகிட்ட செஞ்ச சத்தியம். போன வருஷம் வந்தவளுக்குக் குழம்பு வாசம் பட்டா தலை சுத்துமாம். ஒனக்குக் காணாக்கடி. நல்லாருக்கு. எல்லா நோவும் செல்லம்மா கரண்டியைத் தூக்குனாதான் வருது."

"சத்தியமாச் சொல்றேம்மா, எனக்கு..."

"சத்தியம் பண்ணாதே. வேதம் படிக்கிற பிள்ளை."

அவர்களையும் நான் சும்மா திட்டக் கூடாது. சின்ன வயசில் அவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அதுவும் கோயிலுக்கு வருகிற நம்மவர்களே. எனக்கு முன்னால் வந்த ஏழு பேர் உண்மையிலேயே சாதிக்காகத்தான் பொய் சொல்லியிருக்கிறார்கள். மேட்ரனம்மாவுக்குச் சந்தேகம் வராமலிருந்தால்தான் ஆச்சரியம். எட்டாவதாக வந்தவள் நிஜம் சொன்னது என் தலையெழுத்து.

பிள்ளைகள் விடுவார்களா? "மேல்லயத்து மகாராணி" என்று எனக்குப் பேர் வைத்தார்கள். நான் போனால் இடம் விட்டு ஒதுங்குவார்கள், "தீட்டுப் பட்டுடும், தள்ளிக்குங்க" என்று சிரிப்பார்கள். எங்கள் குடும்பம் தோட்டத்தில் மேல்லயத்தில், அதாவது மேல்சாதிக் கூலிகளின் வீட்டு வரிசையில், இருந்தது என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. தோட்டங்களில் லயத்தைப் பார்த்தாலே சாதி தெரியுமே. மூன்று தலைமுறையாக ஞானஸ்நானம் எடுத்த குடும்பம் எங்களுடையது. ஆனாலும் கீழ்லயத்து வீட்டில் அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. இதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். என் மேல் விழுந்த பழி முழுப்பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

பசி என்றால் என்ன என்று எனக்கு அந்த ஆறு மாதத்தில் தெரிந்தது. காலையில் வெறும் கஞ்சி, மத்தியானம் உப்புச் சோறு, சாயங்காலம் உப்புச் சோறு. வேலியோரத்துக் கொய்யா மரத்தில் பிஞ்சைக்கூட விடமாட்டேன். சட்டை தோளில் நிற்காமல் வழுக்கியது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு தரம் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் தரம் பின்னாலிருந்து ஒருத்தி, "சாதி சோறு போடல போலிருக்கு" என்றாள். வகுப்பே சிரித்தது. பழைய நானாக இருந்தால் அவள் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன், கைதான் எழவில்லை.

பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா நல்லவர். நன்றாகத் தமிழ் பேசுவார். அவரிடமும் போய் அழுதேன். "எனக்கு மருத்துவம் தெரியாது, ரெபேக்காள். மேட்ரன் சொல்வது எனக்குத் தெரியும். ஐக்கியப் பந்தி வரைக்கும் பார்ப்போம்" என்றார். உபதேசியாரிடம் போனேன். அவர் தலையில் கைவைத்து வியர்க்க வியர்க்க ஜெபித்தார். முடித்துவிட்டு, "இனிமே தைரியமாச் சாப்பிடு. ஒண்ணும் ஆகாது. ஆச்சுன்னா ஒன் விசுவாசத்துலதான் ஓட்டை" என்றார். பாருங்கள், வியாதியும் என்னுடையது, குற்றமும் என்னுடையது.

நானும் ஜெபிக்காமல் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்தேன். மற்ற நாளும் உபவாசம்தானே, பெரிய வித்தியாசமில்லை! "ஆண்டவரே, இந்தக் கேட்டை என் உடம்பிலிருந்து எடுத்துப்போடும். எல்லாரையும் போல நானும் ஒரு தட்டுக் குழம்பு சாப்பிடவேண்டும்" என்று கேட்டேன். பெரிய வரமா அது? மார்ச் போனது, ஏப்ரல் போனது, மே போனது. ஒரு நாள் துணிந்து விரல் நுனியில் சம்பலைத் தொட்டு உதட்டில் வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் வரைக்கும் உதடு வடை மாதிரி வீங்கியிருந்தது. குளவி கொட்டிவிட்டது என்று சொன்னேன். நிஜத்தை நம்பாதவர்கள் குளவியை உடனே நம்பினார்கள்.

ஜூன் மாதம் பந்திக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சாப்பிட்டால் உயிர் போகும். சாப்பிடாவிட்டால் படிப்புப் போகும், ரப்பர்க் காடு காத்திருக்கிறது. அப்போதுதான் ஜெபத்தை மாற்றினேன். கோபத்தோடுதான் மாற்றினேன், முழங்கால் போட்டுக்கூடச் சொல்லவில்லை, குளிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன்: "சரி, என்னைக் குணமாக்க உமக்கு மனசில்லை. விடும். இந்த இடத்தில் யாராவது ஒரே ஒரு ஆள் என்னை நம்பும்படி செய்யும். அதுவாவது முடியுமா?"

கர்த்தரிடம் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் அவர் கேட்டார்.

சனிக்கிழமை மத்தியானம். நான் வழக்கம்போல் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். மேட்ரனம்மா தானே ஒரு மூடிய கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். முகத்தில் என்றும் இல்லாத கனிவு.

"போதகர் வீட்டம்மா ஒனக்குன்னு சமைச்சுக் குடுத்தனுப்பினாங்க. பரங்கிக்காய்க் கூட்டு. நீ எளைச்சுப் போயிட்டியாம், பாவம். கூனி கீனி ஒண்ணும் போடலையாம். சாப்பிடு."

போதகர் வீட்டு அம்மா எங்களவர். அதாவது, எங்கள் லயத்துச் சாதி. அப்போது எனக்கு அது தோன்றவில்லை என்று சொல்லத்தான் ஆசை. தோன்றியதா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. சுடச்சுடத் தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு. ஆறு மாதம் கழித்து முதல் தரம் ஒரு கறி. அள்ளி அள்ளிப் போட்டேன். மூன்றாவது வாயில் நாக்கு என்னமோ சொன்னது. பசி அதைப் பேசவிடவில்லை. கிண்ணத்தில் பாதி காலி.

அப்போதுதான் மேட்ரனம்மா சத்தமாகச் சொன்னார்கள், எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி.

"பாத்தியா செல்லம்மா? ஒன் கை சமையல்தான். ஒரு பிடி கூனி இடிச்சுப் போட்டதுதான். போதகர் வீட்டுப் பேரைச் சொன்னதும் எப்படி எறங்குது பாரு! எங்க போச்சுடி ஒன் காணாக்கடி?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அடுப்படி வாசலில் செல்லம்மாக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவரும் சிரித்தார். ஆறு மாதம் மூடின தட்டுக்கு இன்றைக்குப் பதில் கிடைத்துவிட்டது என்கிற சிரிப்பு. அதை நான் மறக்கவில்லை.

எனக்குக் காது சூடானது. உள்ளங்கை அரித்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன், கால் கேட்கவில்லை. தொண்டைக்குள் யாரோ துணியைத் திணிக்கிற மாதிரி இருந்தது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. "நடிப்பைப் பாரு" என்று மேட்ரனம்மா சொன்னது கேட்டது. ஜெபிக்கலாம் என்றால் ஒரு வார்த்தை வரவில்லை. இயேசுவே என்றுகூட வரவில்லை. அம்மா என்றுதான் வந்தது, அதுவும் பாதி.

சிரிப்பை முதலில் நிறுத்தியவர் செல்லம்மாக்காதான். "ஐயோ, ஒதட்டப் பாருங்க! நெசந்தான்! நெசமாத்தான் சொல்லியிருக்கு இந்தப் புள்ள!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். என்னைக் குப்புறக் கவிழ்த்துத் தன் முழங்காலில் போட்டு, விரலைத் தொண்டைக்குள் விட்டு வாந்தி எடுக்கவைத்தார். மேட்ரனம்மா சிலை மாதிரி நின்றார்கள். செல்லம்மாக்கா யாரிடமும் கேட்கவில்லை, என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ரிக்‌ஷாக்காரச் சீனர் என் முகத்தைப் பார்த்துப் பயந்து வரமாட்டேன் என்றிருக்கிறார். இவர் ரிக்‌ஷாவின் முன்னால் மண்ணில் உட்கார்ந்து, "என் மேல ஏத்திட்டுப் போ" என்றிருக்கிறார். சீனருக்குத் தமிழ் புரிந்திருக்காது. இது புரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருந்தால் பிரேதமாகத்தான் இறக்கியிருப்போம் என்று அங்கிருந்த டிரெசர் சொன்னாராம்.

மறுநாள் காலையில் கண் திறந்தபோது கட்டிலுக்குக் கீழே தரையில் செல்லம்மாக்கா உட்கார்ந்திருந்தார். புடவையில் என் வாந்தி காய்ந்திருந்தது. எனக்கு நன்றி வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"கொல்லப் பாத்தீங்களே" என்றேன்.

"ஆமா. நாந்தான் இடிச்சேன். மேட்ரனம்மா சொன்னாங்க. சொன்னாங்கன்னு மட்டும் இல்ல, எனக்கும் வயித்தெரிச்சல். எங்கையால திங்கமாட்டேங்குறியேன்னு."

"எனக்கு ஆகாதுன்னு எத்தன தடவ சொன்னேன்!"

"யாருகிட்ட சொன்னே?"

"மேட்ரனம்மாகிட்ட. மிஸ்ஸியம்மாகிட்ட. உபதேசியார்கிட்ட. எல்லாப் பிள்ளைங்ககிட்டயும்."

"சரி. அப்புறம்?"

"சாமிகிட்ட."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சமைக்கிறவ நான். என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா தங்கச்சி? அடுப்படி பத்தடி தூரம். அக்கா, கூனி போடறதுக்கு முந்தி எனக்கு ஒரு கரண்டி எடுத்து வைங்கன்னு ஒரு வார்த்த. எடுத்து வச்சிருக்க மாட்டனா நான்?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஆறு மாதம், வாரம் ஏழு நாள், நாளுக்கு மூன்று வேளை அந்த மனுஷி என் முன்னால் குனிந்து நின்றிருக்கிறார். வானத்தில் இருக்கிறவரிடம் மூச்சுவிடாமல் கேட்டேன். பத்தடி தூரத்தில் இருந்தவரிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை? என் தொண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் வீட்டில் அப்படிப்பட்டவர்களுக்கு உத்தரவு போடுவார்கள், உதவி கேட்க மாட்டார்கள். கூனியை நான் சாதிக்காக ஒதுக்கவில்லை. செல்லம்மாக்காவிடம் பேசாமல் இருந்தது சாதிதான். மேட்ரனம்மா தப்பான இடத்தில் கையை வைத்தார்கள், ஆனால் புண் இருந்தது.

நான்கு நாள் கழித்துப் போர்டிங்குக்குத் திரும்பினேன். அங்கே எல்லாம் அழகாக முடிந்திருந்தது. சமையற்காரி வஞ்சம் வைத்துத் தானாகவே கூனியைக் கலந்துவிட்டாள் என்றும், மேட்ரனம்மா ராத்திரி பகலாக ஜெபித்து என்னை மரணத்திலிருந்து மீட்டார்கள் என்றும், வியாதியும் அதோடு ஒழிந்தது என்றும் மிஸ்ஸியம்மாவிடம் சொல்லியாயிற்று. ஐக்கியப் பந்தியில் நான் எழுந்து அந்தச் சாட்சியைச் சொல்லவேண்டும். சொன்னால் சட்டியிலிருந்து ஒரு வாய்கூட நான் சாப்பிடத் தேவையில்லையாம். செல்லம்மாக்கா பின்வாசல் படியில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தார், கணக்குத் தீர்த்து அனுப்புவதற்காக.

மிஸ்ஸியம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேட்ரனம்மா பக்கத்தில் நின்றார்கள்.

"அந்தக் கிண்ணத்தை உனக்கு யார் கொடுத்தது, ரெபேக்காள்?"

பாருங்கள் சபையாரே, இவ்வளவு நடந்த பிறகும் எனக்கு ஆசை விடவில்லை. "செல்லம்மா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். படிப்பு இருக்கும், சாட்சி இருக்கும், அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கும். வாய்வரைக்கும் வந்துவிட்டது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் முழுக்க நான் அந்த அம்மாளை விற்றுவிட்டேன், மனசுக்குள்.

"மேட்ரனம்மா கையாலதான் வாங்கினேன்" என்றேன். "எனக்கு ஒண்ணும் சுகமாகல, மிஸ்ஸியம்மா. இனியும் ஆகாது. நான் பொழைச்சதுக்குக் காரணம் படியில உக்காந்திருக்காங்க." அப்புறம் நான் செல்லம்மாக்காவிடம் ஏன் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

"பொய்!" என்றார்கள் மேட்ரனம்மா. மிஸ்ஸியம்மா செல்லம்மாக்காவை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார். அவர் தன் பங்கை ஒளிக்கவில்லை. "தனியா ஒரு சட்டி வச்சா இந்தப் பிள்ளை சாப்பிடுமா?" என்று மிஸ்ஸியம்மா கேட்டதும், "தனிச் சட்டின்னா சாதிச் சட்டி! இந்த வீட்டுல அது கூடாது!" என்று மேட்ரனம்மா பாய்ந்தார்கள். அது நியாயமும்தான்.

செல்லம்மாக்கா சொன்னார்: "தனிச் சட்டி எதுக்கும்மா? ஒரே சட்டிதான். அதுல கூனி விழாது. வேணுங்கிறவங்களுக்குச் சம்பல் தனியா இடிச்சு வைக்கிறேன், தொட்டுக்கட்டும். சட்டி எல்லாருக்கும் பொதுன்னா இந்தப் புள்ளைக்கும் பொதுதான?"

இத்தனை படித்தவர்கள், இத்தனை ஜெபித்தவர்கள், ஆறு மாதமாக ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஐக்கியப் பந்தியன்று எல்லார் முன்னாலும் நான் செல்லம்மாக்கா கையால் கத்தரிக்காய்க் குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன். மூன்றாம் தரமும்.

கதை இதோடு முடிந்திருந்தால் நீங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். முடியவில்லை.

மேட்ரனம்மா அந்த வேலையிலேயே இருந்தார்கள். என்னிடம் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. சம்பலைத் தனியாகத் தொட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று பிள்ளைகள் மீதி ஒன்றரை வருஷமும் என்னைக் கரித்துக்கொட்டினார்கள். நான் படித்து முடித்துக் கிளம்பும்போது மேட்ரனம்மா நன்னடத்தைத் தாளில் "கர்வமுள்ளவள், கீழ்ப்படியாதவள்" என்று எழுதிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூட அறிக்கையில் மட்டும் ஒரு மாணவி ஜெபத்தால் அற்புத சுகம் பெற்றாள் என்று ஏறிவிட்டது. அந்த நன்னடத்தைத் தாளால் டவுன் பள்ளி ஒன்றும் என்னைச் சேர்க்கவில்லை. கடைசியில் எங்கே போட்டார்கள் தெரியுமா? பாகான் டத்தோ கடற்கரையில் ஒரு தென்னந்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். வாசலுக்கு வாசல் பாய் விரித்துக் கூனி காயவைக்கிற ஊரில்! நான் அங்கே தெருவில் நடப்பதே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டுதான். கர்த்தருக்கும் வேடிக்கை பிடிக்கும் போலிருக்கிறது.

நான் படிப்பு முடிந்து கிளம்பிய மறு மாதமே செல்லம்மாக்காவைப் போர்டிங்கிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வயசாகிவிட்டது என்று காரணம். ஜெலாப்பாங் பக்கம் ஈயம் தோண்டுகிற ஒரு லம்பத்தில் கூலிகளுக்குச் சமைக்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு தரம் போய்த் தேடினேன். முதல் தரம் போன வாரம்தான் போய்விட்டார் என்றார்கள். இரண்டாம் தரம் அப்படி ஒருத்தியைத் தெரியாது என்றார்கள். அப்புறம் பெருவெள்ளம் வந்தது. எத்தனையோ பேர் எங்கே போனார்கள் என்றே தெரியாமல் போனார்கள். ஆஸ்பத்திரியில் அவரிடம் நான் சொன்ன கடைசி நல்ல வார்த்தை எது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பிறகு ஒன்றரை வருஷம் அவர் கையால் சாப்பிட்டேன், அக்கா அக்கா என்று பேசினேன், ஆனால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்றே நாள் போயிற்று. அவரைக் கண்ணில் காட்டும் என்று தினமும் கேட்கிறேன். அந்த ஜெபத்துக்கு இன்னும் பதில் இல்லை. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் ஸ்தோத்திரம். நான் உயிரோடு நிற்கிறேன். பால்மரத்துக்குப் போகவில்லை. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் ஒருவன் சாப்பாட்டைத் தள்ளிவைத்தால் உட்காரவைத்து அவனையே கேட்கிறேன். ஒரு ஆள் என்னை நம்பவேண்டும் என்று கேட்டேன், ஆண்டவர் ஒரு ஆளைக் கொடுத்தார். நான் யாரைக் கடைசிவரைக்கும் நினைத்துப் பார்க்கவே மாட்டேனோ, அந்த ஆளையே கொடுத்தார். என் உடம்பில் இருந்ததை அவர் எடுக்கவில்லை. மனசில் இருந்ததை எடுத்தார், அதுவும் பல்லைப் பிடுங்குவது போல, வலிக்க வலிக்க. நீங்களும் கேளுங்கள். அவர் கேட்கிறவர். கேட்டுவிட்டுக் கண்ணை மூடியே வைத்திருக்காதீர்கள். பதில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கலாம்.

கூட்டம் முடிந்ததும் சாப்பாடு இருக்கிறது என்றார்கள். காலையில் நான் வந்தவுடனே ஆலயத்துக்குள் வரவில்லை, பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். முதலில் பின்பக்கம் அடுப்படிக்குப் போனேன். அங்கே சமைக்கிற அக்காவிடம் எனக்கு எது ஆகாது என்று சொன்னேன். சாம்பாரில் ஒன்றும் இல்லை, சம்பலைத் தள்ளி வைக்கிறேன் என்றார். உங்களுக்குப் பத்து வருஷமாகச் சமைக்கிறாராம். பாக்கியம் என்று பேர். போன பஞ்சத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? கை தூக்குங்கள், பார்க்கலாம்.